சைக்கிளுக்கு ஒரு வாசல்

சந்தன் நகர், புனே
16.6.2024

அன்புள்ள அண்ணிக்கு,

தமிழரசி எழுதுகிறேன். இங்கே நானும் அவரும் நல்லபடியாக இருக்கிறோம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? அண்ணனுக்கு முதுகுவலி குறைந்ததா? முல்லைக்கு இந்த மாதம் விலை உண்டா?

"போன்தான் இருக்கே, இன்னும் எதுக்கு இன்லேண்டு லெட்டர்?" என்று அவர் கேலி செய்கிறார். போனில் பேசினால் அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டு "என்னவாம், என்னவாம்" என்பார். நமக்குள் ஒன்றும் பேச முடியாது. அதுவும் போக, அறிவொளி வகுப்பில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதப் பழகிய கை இது. அதே வருஷம் நீங்கள் பின்னால் பிடித்துக்கொள்ள சைக்கிளும் பழகினேன். இரண்டையும் விட மனசு வரவில்லை.

ஒரு சேதி. கராடியில் நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற குழந்தைகள் காப்பகத்துக்குச் சைக்கிளில் போகிற பெரிய ரோட்டில் ஒரு பெரிய கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. கீழே கடைகள், மேலே ஆபீஸ்களாம். ஓரத்தைத் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். லாரிக்கும் தகரத்துக்கும் நடுவில் புகுந்துதான் போகிறேன்.

போன வாரம் அங்கே ஒரு பெண் கையில் அட்டையோடு நின்று, சைக்கிளில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி ஹிந்தியில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கேட்கும்போது அவள் போன் அடித்தது. "அம்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்றாள். தமிழ்ப் பெண் என்று பிடித்துக்கொண்டேன், தமிழிலேயே பேசினேன்.

"நீங்க தமிழா ஆன்ட்டி? என் தமிழ் கொஞ்சம் டூட்டா ஃபூட்டா, அரைகுறைதான். சமாளிச்சுக்கோங்க. இந்த பில்டிங் ஓப்பன் ஆனா நிறைய கார் வரும். அப்ப சைக்கிள்காரங்க எப்படி சேஃபா போவாங்கன்னு பாக்கணும். அதுதான் என் வேலை."

"அதுக்குன்னு ஒரு வேலை இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். சிரித்தாள். பெயர் அம்ருதா. இத்தனை வருஷத்தில் நான் எந்த வழியாகப் போகிறேன் என்று என்னைக் கேட்ட முதல் ஆள் அவள்தான் அண்ணி. அன்று முழுக்க மனசு நிறைந்திருந்தது.

அண்ணனுக்கு என் வணக்கம். பதில் எழுதுங்கள்.

உங்கள்
தமிழரசி


கீரமங்கலம்
9.7.2024

அன்புள்ள தமிழரசிக்கு,

அண்ணி வள்ளிக்கண்ணு எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். நீயும் தம்பியும் சுகமாக இருக்க வேண்டும். பூ வரத்து அதிகம், விலை கிடக்கிறது பாதாளத்தில். பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம்.

உன் கடிதத்தை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். லாரி, தகரம் என்று வந்த இடத்திலேயே எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ஐம்பது வயசுல அவளுக்கு எதுக்கு சைக்கிள்? பஸ்ல போகச் சொல்லு. இல்லேன்னா வேலையை விட்டுட்டுக் கிளம்பி வரச் சொல்லு. ஒரு வாய் சோறு நான் போட மாட்டேனா?" என்றார். அவருக்குத் தங்கை இன்னும் பாவாடை சட்டைதான். "நான் இந்த வயசுல பூ மூட்டையைக் கட்டிக்கிட்டு மார்க்கெட்டுக்கு சைக்கிள்ல போறேனே, அது தெரியலையா?" என்று கேட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்த அம்ருதாவை எனக்குப் பிடித்துவிட்டது. அவள் என்ன செய்தாள் என்று எழுது. ஜாக்கிரதையாகப் போ. மழையில் பிரேக் பிடிக்காது.

அன்புடன்
அண்ணி


சந்தன் நகர்
21.8.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறீர்களா? இங்கே விடாத மழை. நாங்கள் சுகம்.

அம்ருதா ஒரு வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறாளாம். கட்டடத்துச் சொந்தக்காரருக்கு மெயின் ரோட்டில் நட்டநடுவே பெரிய கேட் வேண்டும். கார் இடதுபக்கம் ஒடித்து உள்ளே திரும்பும்போது, ஓரமாக நேரே போகிற சைக்கிளை மறித்துவிடும் என்கிறாள் இவள். கார்களெல்லாம் பக்கத்து ரோட்டு வழியாக உள்ளே போகட்டும், மெயின் ரோட்டில் நடக்கிறவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும் சின்னதாக ஒரு வாசல் இருக்கட்டும் என்பது அவள் யோசனை. கட்டடம் பாதி எழும்பிவிட்டாலும் வாசல் இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. கடை வாங்க வருகிறவர்களுக்காக இப்போதைக்கு நடுவில் ஒரு கேட் திறந்திருக்கிறார்கள்.

அந்த கேட்டில் எங்கள் காப்பகத்தில் வேலை செய்கிற ஒரு பெண்ணுக்கு அடிபட்டுவிட்டது. சைக்கிளில் போனபோது கார் திரும்பி இடித்துவிட்டது. காலில் முறிவு. உயிருக்கு ஒன்றும் இல்லை. கார் ஓட்டி வந்தவரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நல்ல மனிதர்.

கீழே கொத்தமல்லிக்காரர் "கோத்திம்பீர், கோத்திம்பீர்" என்று கூவிக்கொண்டு போகிறார். எதிர் வீட்டு அம்மாள் பகலெல்லாம் டிவியைச் சத்தமாக வைக்கிறார். எழுத ஓடவில்லை. இத்துடன் நிறுத்துகிறேன்.

தமிழரசி


கீரமங்கலம்
2.9.2024

அன்புள்ள தமிழரசிக்கு,

இங்கு சுகம். உன் கடிதம் வந்து நாலைந்து நாள் ஆயிற்று, இன்றுதான் பதில் எழுத உட்கார்ந்தேன். அண்ணனுக்குப் படித்துக் காட்டவில்லை. அவரும் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணைப் பற்றிக் கொஞ்சம் எழுது. எந்தக் கால்? எந்த இடத்தில் முறிவு? ஆபரேஷன் செய்தார்களா, மாவுக்கட்டு மட்டும்தானா? வீட்டில் சமைக்கிறது யார்? அவள் வீட்டுக்காரருக்கு ரசமாவது வைக்கத் தெரியுமா? குளியலறையில் வழுக்காமல் இருக்கக் கீழே சாக்கு போடச் சொல். சிரமத்தைச் சொல்ல ஆள் இல்லாமல் தனியாகக் கிடந்து அழுகிறாளோ என்னவோ, விசாரி.

இத்துடன் ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். பிரண்டையை வதக்கிக் காயவைத்து, உளுந்தும் மிளகும் வறுத்துப் போட்டு அரைத்த பொடி. எலும்பு கூடுவதற்கு நல்லது. சுடுசோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து சாப்பிட வேண்டும். அந்தப் பெண்ணிடம் கொடு. கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளச் சொல்.

அண்ணி


சந்தன் நகர்
26.9.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் அண்ணனும் சுகம்தானே? இங்கே பிள்ளையார் கரைத்து மேளச் சத்தம் இப்போதுதான் ஓய்ந்தது.

பொட்டலம் வந்தது. அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். பிரித்து மோந்து பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு முகம் தெரியாதவளுக்கு அனுப்பியிருக்கிறார்களே என்று சொல்லிச் சொல்லி அழுதாள். வலது கால், முழங்காலுக்குக் கீழே. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் வைக்கிற ரசத்தில் புளி கொஞ்சம் கூடத்தான். ஆனால் குறை சொல்ல முடியாது. காலையில் தலை வாரிப் பின்னியும் விடுகிறார். பின்னல்தான் கோணல்.

அம்ருதா அவளைப் பார்க்க சப்போட்டாப் பழம் வாங்கிக்கொண்டு வந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "என் டிராயிங் முன்னாடியே முடிஞ்சிருந்தா இது ஆகியிருக்காது" என்று கண் கலங்கினாள். "நீயாம்மா இடிச்சே?" என்று இவள்தான் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டைப் பக்கத்து ரோட்டுக்கு மாற்றினால் இரண்டு கடைக்கான இடம் போய்விடும் என்று சொந்தக்காரர் பிடிவாதமாக இருக்கிறாராம். அவர் கேட்கிறபடியே வரைந்து கொடு என்று அம்ருதாவின் ஆபீஸிலும் சொல்கிறார்கள். "நான் அதுல சைன் பண்ண மாட்டேன் ஆன்ட்டி" என்றாள்.

அக்டோபர் கடைசியில் வார்டு ஆபீஸில் இதைப் பற்றி ஒரு கூட்டம். அந்தப் பெண் வந்து நடந்ததைச் சொன்னால் நன்றாக இருக்கும் என்கிறாள் அம்ருதா. இங்கேதான் சிக்கல். எங்கள் காப்பகம் அடுத்த வருஷம் அதே கட்டடத்துக்குக் குடிபோகப் போகிறது. எங்கள் மேனேஜர் ஜான்சி மேடம் அதற்காக நாயாய் அலைந்திருக்கிறார். சொந்தக்காரரை எதிர்த்து வாய் திறந்தால் மேடத்துக்கு எப்படி இருக்கும்? கால் சரியானதும் வேலைக்குக் கூப்பிடுவாரா? அந்தப் பெண்ணுக்கு ஒரே குழப்பம்.

தமிழரசி


கீரமங்கலம்
12.10.2024

அன்புள்ள தமிழரசிக்கு,

எல்லோரும் சுகம். ஆயுத பூஜைப் பூ வேலையில் இடுப்பு ஒடிந்துவிட்டது. நாலு வரிதான் எழுத முடியும்.

அந்தப் பெண்ணைப் போய்ப் பேசச் சொல். சண்டை போட வேண்டாம், யாரையும் திட்ட வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும். அதற்காக வேலை போனால் போகட்டும். கீரமங்கலத்தில் ஒரு வீடு இருக்கிறது, அங்கே அவளுக்கு எப்போதும் இடம் உண்டு என்று நான் சொன்னதாகச் சொல்.

பொடி தீர்ந்திருக்கும். இன்னொரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன்.

அண்ணி


சந்தன் நகர்
10.11.2024

அன்புள்ள அண்ணிக்கு,

தீபாவளி எப்படிப் போனது? அண்ணன் எண்ணெய் தேய்த்துக் குளித்தாரா? இங்கே நாங்கள் சுகம். நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

கூட்டம் நடந்தது. அந்தப் பெண் போனாள். வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். ஜான்சி மேடம் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

கட்டடத்து எஞ்சினியர் ராம்கி என்று ஒருவர், சின்ன வயசு. அவர் முதலில் பேசினார். "கேட் மெயின் ரோட்ல இருந்தாதான் கடைக்கு ஆள் வரும். சைக்கிள்காரங்க ஓரமா, பார்த்துப் போனா ஒண்ணும் ஆகாது" என்பது அவர் பேச்சு. அப்புறம் அம்ருதா வரைபடத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டி மராத்தியில் விளக்கினாள். எனக்கே புரிகிற மாதிரி சொன்னாள். "கார்ல திரும்பறவருக்குப் பக்கத்துல வர்ற சைக்கிள் தெரியாது. சைக்கிள்ல வர்றவருக்குக் கார் திரும்பப் போறது தெரியாது. ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்லை. கேட் இருக்கற இடம்தான் தப்பு."

பிறகு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்தாள். கைத்தடி கீழே விழுந்தது. ராம்கியே ஓடி வந்து குனிந்து எடுத்துக் கொடுத்தார். அவ்வளவு பேர் முன்னால் தடியை ஊன்றிக்கொண்டு நின்றாள். தெரிந்த ஹிந்தியில் ஆரம்பித்தாள்.

அண்ணி, இதற்கு மேல் 'அவள்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அது நான்தான். மன்னித்துக்கொள்ளுங்கள். உங்களிடம் சொன்னால் அண்ணனுக்குத் தெரியும். தெரிந்தால் அடுத்த ரயிலில் வந்து நின்று, வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், கிளம்பு என்பார். அவர் பேச்சை மீற எனக்கு வராது. எனக்கு இந்த வேலை வேண்டும் அண்ணி. காலையில் வாசலில் கையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் தாவுகிற பிள்ளைகள் வேண்டும்.

கூட்டத்தில் நான் பேசியது இவ்வளவுதான். "இந்தத் தம்பி சொல்றது சரிதான். நானும் பார்த்துத்தான் போனேன். ஓரமாத்தான் போனேன். அந்த கேட்டு திறக்கறதே ரோட்டு ஓரத்துலதான். என்னை இடிச்சவர் நல்லவர், அவர் மேல எனக்குக் கோபம் இல்லை. நாளைக்கு இன்னொருத்தருக்கு இது ஆகக் கூடாது. அதுக்குத்தான் வந்தேன்."

உட்கார்ந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போது ஜான்சி மேடம் எழுந்தார். என் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். "தமிழரசி என்னோட ஸ்டாஃப். எங்ககிட்ட பிள்ளைங்களைக் கொண்டுவர்ற அப்பா அம்மா பாதிப் பேர் டூவீலர்ல வர்றாங்க, முன்னாடி குழந்தையை நிக்க வெச்சுக்கிட்டு. இந்த கேட் இங்கயே இருந்தா இந்த பில்டிங்குக்கு நான் வர மாட்டேன். வேற இடம் பாத்துக்கறேன்" என்றார். சொந்தக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

வெளியே வந்ததும் மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுதுவிட்டேன். "அரே, அழாதே. காலைச் சீக்கிரம் சரி பண்ணிட்டு வா. பிள்ளைங்க உன்னைத்தான் கேக்குதுங்க" என்றார்.

உங்கள் பொடியை நான்தான் தின்றேன் அண்ணி. ஒரு சிட்டிகைகூட யாருக்கும் கொடுக்கவில்லை.

தமிழரசி


கீரமங்கலம்
24.11.2024

அன்புள்ள தமிழரசிக்கு,

சுகம், சுகம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அண்ணனுக்கும் படித்துக் காட்டினேன்.

அடி பைத்தியமே, ஆகஸ்ட் கடிதத்திலேயே தெரிந்துவிட்டது. வேலை நாளில், பட்டப்பகலில் கொத்தமல்லிக்காரர் கூவுவதையும் எதிர் வீட்டு டிவியையும் கேட்டுக்கொண்டு நீ வீட்டில் என்ன செய்கிறாய்? காய்ச்சலில்கூடப் பிள்ளைகளைப் பார்க்க ஓடுகிறவள் ஆயிற்றே. நீயாகச் சொல்லட்டும் என்று இருந்தேன்.

இதைக் கேள். அந்தக் கடிதத்தை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தேன். மறுநாள் வயலிலிருந்து வந்து பார்த்தால், அதை எடுத்துப் படித்துவிட்ட உன் அண்ணன் வாசலில் ஒரு கட்டுப் பிரண்டையைப் போட்டுக்கொண்டு நார் உரித்துக்கொண்டிருக்கிறார். கையில் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை. அரிப்பில் விரலெல்லாம் தடித்துக் கிடந்தது. "எதுக்குங்க இவ்வளவு?" என்றேன். என் முகத்தைப் பார்க்கவில்லை. "அவ மறைக்கிறான்னா நமக்குப் பயந்துதான் மறைக்கிறா. சொல்றப்ப சொல்லட்டும். நீ பொடியை இடிச்சு அனுப்பு" என்றார். இரண்டாவது பொட்டலத்துக்கும் அவர்தான் உரித்தார். அப்போது எண்ணெய் தடவிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை போனில் "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாரே, கவனித்தாயா? அதற்கு மேல் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம்.

வேலையை விடச் சொல்ல மாட்டாராம். எழுதச் சொன்னார். ஜான்சி மேடத்துக்கும், தலை பின்னிவிடுகிற தம்பிக்கும், உன்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய அந்தக் கார்க்காரருக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். அம்ருதாவுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவளுக்குப் பிரண்டைப் பொடி பிடிக்குமா, கேள்.

அண்ணி


சந்தன் நகர்
2.2.2025

அன்புள்ள அண்ணிக்கும் அண்ணனுக்கும்,

இனி இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பொங்கல் நல்லபடி போனதா? அண்ணன் அனுப்பிய கரும்புச் சர்க்கரை வந்தது. அண்ணா, உங்கள் விரல் இப்போது எப்படி இருக்கிறது?

நல்ல சேதி. அம்ருதா போட்ட வரைபடத்துக்கே ஒப்புதல் கிடைத்துவிட்டது. கார்கள் பக்கத்து ரோட்டில் போய்த் திரும்பும். அங்கேயும் நடைபாதை மேடு உடையாமல் ஒரே உயரத்தில் ஓடும். கார்தான் வேகம் குறைத்து ஏறி இறங்க வேண்டும். வெளியே வருகிற காருக்கு ரோடு தெரிய மதில் சுவரின் மூலையைத் தாழ்த்திவிடுகிறார்கள். சாமான் லாரிக்குத் தனி நேரம். மெயின் ரோட்டில் நடக்கிறவர்களுக்கும் சைக்கிளுக்கும் ஒரு வாசல், உள்ளே நுழைந்ததும் நிழலில் சைக்கிள் நிறுத்த இடம். போன கடைகள் இரண்டல்ல, ஒன்றுதான். ராம்கி ராத்திரி பகலாக உட்கார்ந்து இன்னொன்றைக் காப்பாற்றிக் கொடுத்தாராம். அப்புறம்தான் சொந்தக்காரர் இறங்கி வந்தார்.

அம்ருதாவும் ராம்கியும் வரைபடத்தோடு வீட்டுக்கே வந்தார்கள். ராம்கி டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்து திணறினார். "நீங்க கஷ்டப்பட்டு மாத்திக் கொடுத்தீங்க தம்பி, நல்லா இருக்கணும்" என்றேன். ஒரே மடக்கில் டீயைக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார். அம்ருதா பொடியைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டாள். கண்ணில் தண்ணீர். "சூப்பர் ஆன்ட்டி, ஆனா பஹுத் தீக்கா" என்றாள். காரமாம்.

நான் தடி இல்லாமல் நடக்கிறேன். வேலைக்கும் போகிறேன், ஷேர் ஆட்டோவில். முதல் நாள் பிள்ளைகள் மேலே விழுந்து சேலையெல்லாம் எச்சில். எனக்கு என்ன குறை? எல்லோருமாகச் சேர்ந்து என்னைத் தூக்கி நிறுத்திவிட்டீர்கள்.

தமிழரசி


கீரமங்கலம்
20.4.2025

அன்புள்ள தமிழரசிக்கு,

இங்கே வெயில் தவிர வேறு குறை இல்லை. அண்ணன் விரல் ஆறி எத்தனையோ நாளாயிற்று. நீ விசாரித்ததை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சைக்கிள் வாசல், சைக்கிள் நிறுத்தும் இடம் எல்லாம் இருக்கிறது. உன் சைக்கிள் எங்கே என்று மட்டும் இல்லை. நான் கட்டாயப்படுத்தவில்லை. பயம் போகிறபோது போகட்டும். போகாவிட்டால் ஷேர் ஆட்டோவும் நல்ல வண்டிதான். ஆனால் என்னிடம் மறைக்காதே.

அண்ணி


சந்தன் நகர்
17.8.2025

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும்,

சந்தானம் எழுதுகிறேன். இங்கு தமிழரசியும் நானும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

நீங்கள் ஏப்ரலில் எழுதியதற்கு இவள் பதில் போடவில்லை. எழுத உட்காருவாள், பேனாவை மூடிவிட்டு எழுந்துவிடுவாள். சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றது. இவள் அந்தப் பக்கம் பார்க்காமலே படி ஏறுவாள். நான் எதுவும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் காற்று மட்டும் அடித்துவைத்துக்கொண்டிருந்தேன்.

கட்டடத்தைப் போன மாதம் திறந்தார்கள். காப்பகமும் அங்கே வந்துவிட்டது. அப்போதும் ஷேர் ஆட்டோதான். போன திங்கட்கிழமை காலை நான் ஷேவ் செய்துகொண்டிருந்தபோது கீழே ஸ்டாண்டை எடுக்கிற சத்தம் கேட்டது. பாதி சோப்போடு எட்டிப் பார்த்தேன். சேலையைச் செருகிக்கொண்டு நின்றாள். ஏறவில்லை. கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டே போனாள். முனையில் ஏறிவிட்டாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடி ஒரு ஆட்டோவைப் பிடித்து, "அந்த சைக்கிளுக்குப் பின்னாடி மெதுவா போ" என்றேன். ஆட்டோக்காரன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "மேரி பீவி ஹை", என் மனைவிதான் என்று சொன்ன பிறகுதான் வண்டியை எடுத்தான்.

அந்த இடம் வந்ததும் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். இவள் கொஞ்சம் வேகம் குறைத்தாள். கார்கள் பக்கத்து ரோட்டில் போய்த் திரும்பிக்கொண்டிருந்தன. இவள் நேராகப் போய், அந்தச் சின்ன வாசலில் நுழைந்து, உள்ளே போய்விட்டாள்.

அவ்வளவுதான் அக்கா. அங்கே ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததைப் பார்ப்பதற்காகத்தான் நான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆட்டோவை அனுப்பிவிட்டு அந்த வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும் போல இருந்தது. அம்ருதா அங்கே இல்லை. வாட்ச்மேன்தான் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் "தன்யவாத்" என்றேன். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் சிரித்துக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டார்.

இவளுக்கு இன்னும் நான் பின்னால் போனது தெரியாது. மச்சான் போனில் உளறிவிட வேண்டாம்.

அன்புள்ள
சந்தானம்